எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்கும்போது

அன்புள்ள தம்பி,

கடிதம் என்றால் முதலில் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அப்படி எழுதப்போவதில்லை. எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். எனக்குச் சிறுநீரகத்தில் நோய் இருக்கிறது. கிரியாட்டினின் கூடிக்கொண்டே போகிறது என்று கடலூரில் டாக்டர் சொல்லிச் சில மாதங்கள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன், ஊறுகாயைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, "பாலிசி ரெடிம்மா. உடம்பப் பத்தின கேள்வி எல்லாத்துக்கும் நோ போட்டுட்டேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் சொல்லு" என்றாயே, அந்த நோக்களில் ஒன்று தவறு. அதனால்தான் எண்ணைச் சொல்லாமல் போனை வைத்தேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, மெசேஜ் பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று நீ மாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். எண் நன்றாகவே தெரிந்தது. கண்ணாடிகூடப் போட்டிருந்தேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். ரிப்போர்ட் வந்த நேரத்தில் உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தோம். பெண் வீட்டார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு, புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்துவானேன் என்று இருந்தது. பிறகு வழக்கமாகிவிட்டது. என்னை ரத்தப் பரிசோதனைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன உன் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவனிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அதனால் அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதோடு சேர்த்து உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதை போனில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

நீ அப்பாவுக்காக உன் முதல் வேலையில் எடுத்த பாலிசி இருந்ததல்லவா, அதன் புத்தகத்தை உங்களில் யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அவர் போன பிறகுதான் படித்தேன். ஜெபமாலை சொல்வதுபோல தினம் ஒரு பக்கம், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. சொர்க்கம் நரகம் பற்றிப் பங்குச் சாமியார் சொன்னபோதுகூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. முதலில் எனக்குப் புரிந்த விஷயம், கேஷ்லெஸ் என்பதற்கு இலவசம் என்று அர்த்தம் இல்லை என்பது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனியிடம் முன்கூட்டி அனுமதி கேட்கிறார்கள், கம்பெனி அந்தப் பணத்தை நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறது, அவ்வளவுதான். அந்த அனுமதி இல்லை என்று வந்தால் கதை முடிந்தது என்றும் அர்த்தம் இல்லை. நாம் கட்டிவிட்டு, பில்லையும் ரிப்போர்ட்டையும் அனுப்பிப் பிறகு கேட்கலாம், வாதாடலாம். கேஷ்லெஸ் மறுப்பது வேறு, கிளெய்ம் மறுப்பது வேறு. இந்த வித்தியாசம் அன்றைக்கு எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் போதும். சிதம்பரத்தில் உன் அப்பாவைச் சேர்த்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் "ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா" என்றதும், பெரிய இரும்புக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன்.

அந்தக் கவுண்டர் இன்னும் என்னை விடவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய். காலையில் பதினொரு மணி வாக்கில் சமையல்கட்டில் இருக்கும்போது அந்த மைக் குரல் கேட்கிறது. "சவரிமுத்து அட்டெண்டர், பில்லிங் கவுண்டருக்கு வரவும்." உன் அப்பாவோடு கூட இருந்த என்னைக் கூப்பிடுகிற ஒரு சின்னப் பெண்ணின் குரல், ஜலதோஷம் பிடித்த குரல். முதலில் டி.வி. என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தால் டி.வி. ஓடாது. ஒருநாள் என்னை அறியாமல் "தோ வரேம்மா" என்று பதிலே சொல்லிவிட்டேன். வாசலில் காய்கறி வண்டிக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார். உன் அப்பாவின் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தேன், இரண்டு முறை வைத்தேன். குரல் நிற்கவில்லை. செத்துப்போனவர்கள் வந்து கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு பில்லிங் கவுண்டர் வந்து கூப்பிடுகிறது, என் யோகம் அப்படி.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இன்னும் மோசம். சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கும் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாராவது நின்றால் அது உன் அப்பாவின் முதுகாகவே தெரிகிறது. ரைஸ் மில் கணக்குப்பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் நிற்பார்கள் போலிருக்கிறது. கிட்டே போய் முகத்தைப் பார்க்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை. ஒருவர் என்னை முறைத்துக்கூடப் பார்த்தார்.

நடந்ததை உனக்குத் தெரிந்த வரைக்கும் முதலில் சொல்கிறேன். உன் அப்பா சேத்தியாத்தோப்பு மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மில்காரர்கள் உன் மாமாவுக்குப் போன் செய்தார்கள். அவன் சிதம்பரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு பறந்து போய், அவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நான் கடலூரில் நம் செம்மண்டலம் வீட்டிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ஊசி போட்டு, வலி அடங்கி, படுத்திருந்தார். ஆஞ்சியோ எடுத்ததில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். கம்பெனி கேஷ்லெஸ் மறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தோம். பொங்கல் கழித்து புதுச்சேரி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்த வாரம் முடிவதற்குள், பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீ வந்து சேர்ந்தபோது பெட்டி வந்துவிட்டது. கம்பெனிக்காரன் கொன்றுவிட்டான் என்று நீ கல்லறையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சொன்னாய். உன் மாமா உன்னைவிடச் சத்தமாகச் சொன்னான். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கவனித்திருக்க மாட்டாய், அழுகிறவளை யார் கவனிக்கப்போகிறார்கள்.

இனி உனக்குத் தெரியாதது. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதும் நான் இன்ஷூரன்ஸ் கவுண்டர் பெண்ணிடம் காரணம் கேட்டேன். "முன்னாடியே இருந்த வியாதிம்மா. பாலிசி எடுத்து மூணு வருஷம் ஆவல, வெயிட்டிங் பீரியட்ல வருது" என்றாள். என்ன வியாதி என்றேன். "பிரஷர். பதினஞ்சு வருஷமா இருக்குதே." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு பிரஷர் என்று கண்டுபிடித்ததே அதற்கு முந்தின கோடையில்தான், நீ பாலிசி எடுத்த பிறகு. "யாரும்மா சொன்னது பதினஞ்சு வருஷம்னு?" அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கூட்டிட்டு வந்தவரு சொன்னதாத்தான் கேஸ் ஷீட்ல இருக்குது. அவரு உங்களுக்கு யாரு?"

என் தம்பி என்றேன்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று உனக்குப் புரிகிறதா? எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. நம் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. ஒரு நாள் காய்ச்சலை மூன்று நாள் என்போம். ஒரு தடவை வாந்தியை நாலைந்து தடவை என்போம். குறைத்துச் சொன்னால் டாக்டர் குறைவாகப் பார்ப்பார், ஓரமாக உட்கார வைத்துவிடுவார் என்று ஒரு பயம். நீ சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்தபோது நீ மாடியிலிருந்து விழுந்ததாக நானே சொல்லித்தான் முதல் ஆளாக உள்ளே போனேன். உன் மாமா அன்றைக்கு, மச்சான் வியர்த்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போய், டூட்டி டாக்டர் எத்தனை வருஷமாக பிரஷர் என்று கேட்டதும், "பதினஞ்சு வருஷமா இருக்குது சார். மாத்திரையும் ஒழுங்கா சாப்புட மாட்டாரு. ரொம்ப டேஞ்சர் சார், உடனே பாருங்க சார்" என்று சொல்லியிருக்கிறான். டாக்டர் உடனே பார்த்தார். சொன்னதை எழுதியும் வைத்தார். கேஸ் ஷீட்டில் ஏறிய வார்த்தையைத்தான் கம்பெனி படிக்கிறது. அங்கே பதறியவன் முகம் தெரியாது, பதினைந்து என்கிற எண்தான் தெரியும்.

அந்தப் பெண் நல்லவள். "அவரே வந்து, பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தாருன்னா, டாக்டர்கிட்டயும் ஒரு லெட்டர் வாங்கி மறுபடி அனுப்பிப் பாக்கலாம்மா" என்றாள். நான் உன் மாமாவைத் தேடி வராண்டாவுக்கு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உன் அப்பாவின் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிற ரப்பர் செருப்பு. அதைப் பார்த்துவிட்டு அவனிடம் போக என்னால் முடியவில்லை. நேராக வார்டுக்குப் போய் உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆருத்ரா தரிசனத்துத் தேர் அன்றைக்கு. நாலு வீதியிலும் ஜனம் நெரிகிற சத்தம் உள்ளேவரை கேட்டது.

"அவங்கிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்ல. நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

"சொல்லாத. இப்ப எழுதிக் குடுத்துடுவான். நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தன்னாலதான்னு அவன் செத்துருவான். அவுங்க டாக்டரே இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னுதான சொல்றாரு. வீட்டுக்குப் போவலாம்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொன்னார். உன் அப்பா தனக்கு வேண்டியபடி கேட்டுக்கொண்டார், நானும் அவர் சொன்னபடி கேட்டுக்கொண்டேன். டாக்டர் பேச்சுக்கு மாறாகப் போகிறோம் என்று அவரே கையெழுத்துப் போட்டார். மாமா நகையை வைக்கிறேன், காரை விற்கிறேன் என்று குதித்தான். "சும்மா இருடா மச்சான், பொங்கல் போவட்டும்" என்று அவன் தோளைத் தட்டினார். தேர்க் கூட்டத்தில் கார் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தது. வழியெல்லாம் உன் மாமா கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தான். உன் அப்பா என் கையை லேசாக அழுத்தினார், பேசாமல் இரு என்கிற மாதிரி. அந்த அழுத்தம் இன்னும் என் கையில் இருக்கிறது தம்பி. பாத்திரம் தேய்க்கும்போது சட்டென்று வருகிறது.

அதற்கப்புறம் நீ ஆஞ்சியோ செலவையாவது வாங்குகிறேன் என்று மெயில் மேல் மெயில் போட்டாய். முதன்முதலில் பிரஷர் கண்டுபிடித்த மருந்துச் சீட்டு வேண்டும், நோய் வரலாறு தவறு என்றால் சொன்னவரின் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. போதும், விட்டுவிடு என்றேன். அம்மா களைத்துவிட்டாள் என்று நீ நினைத்தாய். அந்தக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் விடச் சொன்னேன். ஞாயிறு தோறும் பூசை முடிந்து உன் மாமா நம் வீட்டுக்குத்தான் சாப்பிட வருகிறான். மீன் குழம்பை ரசித்துச் சாப்பிடுவான், மச்சான் இருந்தால் வாலைத் தனக்கு எடுத்துவைப்பார் என்று சொல்லிக் கண் கலங்குவான். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறுவேன். சில நாள், சொல்லிவிடேன் என்று நாக்கு நுனிவரை வந்து நிற்கும். சில நாள் அவன்மேல் ஆத்திரமாக வரும், சோற்றுக் கரண்டியை ஓங்கி வைப்பேன். "என்னாக்கா, உடம்பு முடியலியா?" என்று கேட்பான். அவனைப் பெற்றவள்போல வளர்த்தவள் நான். அவன் வாயால்தான் என் புருஷன் போனார் என்று நினைக்கிறதும் நான்தான். அப்படி இல்லை, நாங்கள் வீட்டுக்கு வராமல் இருந்திருக்கலாம் என்று அடுத்த நிமிடம் நினைக்கிறதும் நான்தான். உன் அப்பா சொன்னபடி நான் நடந்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் பாலிசிக்கு வருகிறேன். உனக்குப் பாலிசி போட்டுக்கொடுக்கிற ஏஜெண்டு, "வயசானவங்களுக்கு எல்லாத்துக்கும் நோ போட்டாதான் சார் சீக்கிரம் பாஸாவும்" என்று சொல்லியிருப்பான். உன் மாமா டாக்டரிடம் கூட்டிச் சொன்னான், நீ கம்பெனியிடம் குறைத்துச் சொல்கிறாய். இரண்டு பேருமே என்மேலும் அப்பாமேலும் வைத்த பாசத்தில்தான் செய்கிறீர்கள், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பே இருந்த நோய் என்றால் பாலிசி எடுப்பதற்கு முன்னால் டாக்டர் கண்டுபிடித்தது, அல்லது மருந்து கொடுத்தது. எனக்கு இரண்டும் நடந்தாகிவிட்டது. ஆம் என்று எழுதினால் அந்த நோய்க்கு மட்டும் சில வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள், அல்லது எனக்கு பாலிசியே கிடையாது என்பார்கள். இல்லை என்று எழுதினால் வருஷா வருஷம் சந்தோஷமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுக்கும் அன்றைக்குத்தான் இல்லை என்பார்கள். பாலிசியையே ரத்து செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு. படுக்கையில் கிடந்துகொண்டு அந்தப் பதிலைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வேண்டாம். ஆம் என்று எழுது. மறுத்தால் மறுக்கட்டும், அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, புதுச்சேரி ஆஸ்பத்திரியும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் எடுக்கும்போதாவது புத்தகத்தைப் படி. இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது பார். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பார். இருந்தால், அதைவிடப் பெரிய அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு போகாது, டாக்டர் பீஸ் முதற்கொண்டு மற்ற பல செலவிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள். உன் மாமா அன்று ஏ.சி. தனி ரூம்தான் வேண்டும் என்று சண்டை போட்டவன். கோ-பே என்று இருந்தால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில். கையுறை, பஞ்சு, முகமூடி மாதிரி சில்லறைச் சாமான்களைப் பல பாலிசியில் தரமாட்டார்கள், கடைசியில் அது சில்லறையாக இருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி அங்கேயே நின்று படி. அதில் எத்தனை வருஷமாக என்று போட்டிருக்கும். தவறு என்றால் டாக்டரிடம் சொல்லி அங்கேயே திருத்தி வாங்கு. வெளியே வந்த பிறகு திருத்தச் சொன்னால், பணத்துக்காகத் திருத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். மருந்துச் சீட்டைத் தூக்கிப்போடாதே. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது ஆஸ்பத்திரிக் காகிதம் வீட்டில் இருக்கக் கூடாது என்று வருஷா வருஷம் எரித்தவள் நான். இப்போது என்னுடையதை எல்லாம் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதியது பாலிசிக்காக மட்டும் இல்லை. ஒருநாள் எனக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், டயாலிசிஸ் என்று சொல்வார்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதும் உன் மாமாதான். நீ பெங்களூரில் இருப்பாய். எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்பார். அக்கா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்து அவன் பதறுவான், வாயில் வந்ததைச் சொல்லுவான். அப்படிச் சொல்லாதே என்று முன்னாலேயே சொல்லிவைக்க நினைத்தேன். ஏன்க்கா என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதைச் சொல்லாதே என்று உன் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பேச்சு இருந்தால் நானே டாக்டருக்குப் பதில் சொல்லிவிடுவேன். இல்லாமல் போனால்தான் பயம்.

அதனால் மாமா போன் செய்ததும், லீவு கிடைக்குமா என்று பார்க்காமல் கிளம்பி வா. அதுவரைக்கும் டாக்டர் கையில் போனைக் கொடுக்கச் சொல்லி நீ பேசு. நீ வந்ததும் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொள், அவன் அழுதால் அழவிடு, அவனிடம் ஒன்றும் கேட்காதே, ஒன்றும் சொல்லாதே. பிறகு கீழே போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வரச் சொல். அவன் டீயோடு படி ஏறி வருவதற்குள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி முடித்துவிடு.

அம்மா